கிசிவா வெள்ளை உடுத்திய ஞாயிறு

எங்கள் சுஹும் ஊரில் ஒருவர் கட்டியிருக்கும் துணியின் நிறத்தைப் பார்த்தால் போதும், அவர் எங்கே போய்விட்டு வருகிறார் என்று சொல்லிவிடலாம். சனிக்கிழமை கறுப்போ சிவப்போ உடுத்தியிருந்தால் சாவு வீடு. ஞாயிற்றுக்கிழமை வெள்ளை என்றால் கோயிலில் அப்பமும் ரசமும் எடுக்கிற திருவிருந்து ஆராதனை, இல்லை பிள்ளைக்குப் பேர் வைத்த வீடு, இல்லை கோர்ட்டில் வழக்கு ஜெயித்த வீடு. எங்களுக்கு யாரும் வாய் திறந்து சொல்ல வேண்டியதில்லை. கிசிவா விஷயத்தில் ஊர் அத்தனை சுலபமாகத் தப்புக் கணக்குப் போட்டதும் இதனால்தான், கண்ணுகளா.

கிசிவா லாரி நிலையத்துக்கு எதிரே தையல் கடை வைத்திருந்தாள். 'அவர் கிருபை தையலகம்' என்று பலகை. பக்கத்துக் கொட்டகையில் நான் புளித்த சோள மாவு உருண்டையான கெங்கேயை வேகவைத்து விற்றுக்கொண்டிருந்தேன். அவள் நல்ல உயரம். நாற்பதைத் தாண்டியும் கழுத்து நிமிர்ந்தே இருக்கும். தைத்துக்கொண்டே அவள் பாட ஆரம்பித்தால், வண்டிக்கு ஆள் கூவுகிறவர்கள்கூடக் கொஞ்ச நேரம் வாயை மூடுவார்கள். எங்கள் சபைப் பாடகர் குழுவில் முதல் குரல் அவளுடையது. நான் இரண்டாம் வரிசையில், தடித்த குரல்காரிகளோடு நிற்பேன்.

எந்தச் சாவுக்கும் கிசிவா வராமல் இருந்ததில்லை. கறுப்புத் துணியில் வந்து நின்று அவள் பாடினால், செத்தவரோடு சண்டை போட்டவர்களும் அழுவார்கள். ஆனால் வெள்ளை உடுத்த வேண்டிய நாளில் மட்டும் அவளைப் பார்க்க முடியாது. திருவிருந்து ஞாயிறா, தலைவலி. ஈஸ்டரா, ஊருக்குப் போயிருக்கிறாள். பேர் வைக்கும் வீட்டுக்குப் பரிசுத் துணி வந்து சேரும், அவள் வரமாட்டாள். இத்தனைக்கும் குழுவில் எங்கள் எல்லோருக்கும் வெள்ளைக் கபாச் சட்டை தைத்துக் கொடுத்தவள் அவள்தான்.

எங்கள் சபையில் தப்புச் செய்தவர்களைத் திருவிருந்துக்கு முன்னால் வரவிடமாட்டார்கள். பின் பெஞ்சில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொள்ள வேண்டியதுதான். அப்படியிருக்க, ஒருத்தி வருஷக்கணக்கில் திருவிருந்துக்கே வராவிட்டால் ஊர் சும்மா இருக்குமா? குமாசியில் அவளுக்கு வேறு ஒருத்தன் இருக்கிறான் என்றார்கள். ஏதோ ஆற்றுத் தெய்வத்துக்கு நேர்ந்துகொண்டாள், அந்தத் தெய்வத்துக்கு வெள்ளை ஆகாது என்றார்கள். போதாததற்கு அவள் வயிறும் மெல்ல மேடிட்டது. சந்தையில் விற்கிற வெள்ளைக் களிமண் உருண்டையை மடியில் கட்டிக்கொண்டு சதா கடித்துக்கொண்டிருந்தாள். பிள்ளைத்தாய்ச்சிகள்தான் அப்படித் தின்பார்கள். "சரிதான், மூணாவதா?" என்று கேட்டவர்களுக்கு அவள் சிரித்து மழுப்பினாள். வயிறு அப்படியே இருந்தது, பிள்ளைதான் வரவில்லை. அதற்கும் ஒரு கதை கட்டினார்கள்.

கட்டியவர்களில் முதல் ஆள் மாமே அசாபெயா, மகளிர் சங்கத் தலைவி. அந்த அம்மாளின் வெள்ளைத் துணி கஞ்சியில் நிற்கும். அவர் உள்ளே வராவிட்டாலும் துணி தனியாக நடந்து வந்து முன் பெஞ்சில் உட்காரும் என்று எங்களுக்குள் பேசிச் சிரிப்போம்.

"கிசிவா பாட்டைக் கேக்கணுமா? முதல்ல சாகணும்" என்பார் அவர். "உயிர்த்தெழுந்த ஆண்டவருக்குப் பாட அவளுக்கு நேரம் ஏது? பிணத்துக்குத்தான் பாடுவா."

அந்த வருஷம் கோகோ அறுவடை முடியும் சமயம், குழுவை நடத்தும் லார்பி வாத்தியார் ஒத்திகைக்கு நடுவே கையைத் தட்டினார். "வர்ற ஈஸ்டரோட நம்ம சபைக்கு நூறு வயசு. தலைநகர் அக்ரா வரைக்கும் ஆட்களைக் கூப்பிடுறோம். நான் ஒரு புதுப் பாட்டு கட்டியிருக்கேன். நடுவுல ஒரே குரல், வாத்தியம் கிடையாது, துணைக் குரல் கிடையாது. அது கிசிவா."

கிசிவாவின் முகத்தை நான் பார்த்தேன். விளக்கேற்றியது போல இருந்தது, உடனே அணைந்துவிட்டது.

பின்னாலிருந்து அசாபெயா எழுந்தார். "வாத்தியாரே, ஈஸ்டருக்குப் போடறது கறுப்பா, வெள்ளையா?"

"வெள்ளைதான் மாமே. என்ன கேள்வி இது?"

"அப்ப திருவிருந்து எடுக்கிறவதானே முன்னால நிக்கணும்? ஏண்டி கிசிவா, எல்லார் முன்னாலயும் சொல்லிடு. எந்தப் பாவம் உன்னைத் தடுக்குது?"

"பாவம் ஒண்ணும் இல்லீங்க மாமே."

"அப்ப வர்ற திருவிருந்துக்கு வெள்ளை கட்டிட்டு வா. வரலேன்னா பாட்டு வேற ஆளுக்கு. மூப்பர்கள்கிட்ட நானே பேசிடறேன்."

கிசிவா பாட்டுத் தாளை மடித்து இடுப்பில் செருகினாள். திரும்பி வரும் வழியில் சின்ன மேடு ஒன்று உண்டு. அதில் ஏறும்போது இரண்டு தரம் நின்று மூச்சு வாங்கினாள். "வயசாகுதுக்கா" என்று என்னிடம் சிரித்தாள். வயசில் மூத்த நான் மூச்சு வாங்காமல் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

அடுத்த வாரமே அசாபெயா தையலகத்துக்கு வந்தார். நூறாம் ஆண்டுக்குப் புதுக் கபா வேண்டும், அளவெடுக்க வேண்டும். வாய்ச்சண்டை ஒரு பக்கம் இருந்தாலும், கையால் இழுத்து விடாமல் தோளில் நிற்கிற மாதிரி கபா தைக்கச் சுஹுமில் கிசிவாவை விட்டால் ஆள் கிடையாது. அது அந்த அம்மாளுக்கும் தெரியும்.

நான் மாவு பிசைந்துகொண்டிருந்தேன். உள்ளே நாற்காலி விழுகிற சத்தம். அதற்குப் பின்னால் அசாபெயாவின் குரல், வழக்கமான அதிகாரம் எதுவும் இல்லாமல்: "யாராவது வாங்களேன்!"

கையில் ஒட்டிய மாவோடு ஓடினேன். கிசிவா கழுத்தில் அளவு நாடாவோடு தரையில் கிடந்தாள். உதடு சாம்பலாக வெளுத்திருந்தது. அவள் உட்கார்ந்திருந்த முக்காலியில் நாலாக மடித்த கறுப்புத் துணி. அந்தத் துணி நனைந்து, ரத்தம் முக்காலியின் காலில் இறங்கியிருந்தது. அசாபெயா தரையில் உட்கார்ந்து, கஞ்சி போட்ட தன் வெள்ளை மடியில் அவள் தலையைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். அந்த மடியில் கறை ஏறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார், துடைக்கவில்லை.

கிசிவா கண் திறந்ததும் முதலில் முக்காலியைத்தான் பார்த்தாள். "கதவைச் சாத்துங்கக்கா" என்றாள் என்னிடம்.

"எத்தனை காலமா?" என்று கேட்டார் அசாபெயா.

"சின்னவன் பொறந்ததிலேருந்து. மாசத்துல பாதி நாள் இப்படித்தான். அம்மாவுக்கும் இப்படித்தான் போச்சு, பெரியம்மாவுக்கும்தான். எங்க வீட்டுப் பொம்பளைங்களுக்கு ரத்தம் தாராளம்னு அம்மா சொல்லுவாங்க. மால்ட் பானத்துல டின் பால் கலந்து குடிக்கிறேன், சுண்டைக்காய் சூப்பு வச்சுக் குடிக்கிறேன். ஊறுறதை விட வேகமாப் போயிடுது, நான் என்ன செய்ய?" கையால் முகத்தை மூடிக்கொண்டாள். "வெள்ளை கட்டிக்கிட்டு எப்படி மாமே வருவேன்? எந்த நிமிஷம் பொங்கும்னு எனக்கே தெரியாது. கறுப்புல தெரியாது. சாவு வீட்டுல மட்டும்தான் என்னால நிம்மதியாப் பாட முடிஞ்சுது."

அசாபெயா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "எனக்குக் குடலிறக்க ஆபரேஷன்னு ஊருக்கே தெரியும், இல்ல?"

"ஆமா. நாங்ககூட முட்டை கொண்டு வந்தோமே" என்றேன்.

"குடலும் இல்லை, இறக்கமும் இல்லை. கர்ப்பப்பை. உள்ள கட்டி. எனக்கும் இதே கூத்துதான். ஆராதனையில உட்கார்ந்தா பெஞ்சுல கறை படும்னு முழு நேரமும் நின்னுக்கிட்டே இருப்பேன். மூணு மணி நேரப் பிரசங்கம், நான் மட்டும் நிப்பேன். பார்த்தவங்க என்ன சொன்னாங்க தெரியுமா? அசாபெயாவுக்கு என்ன பக்தி, என்ன பக்தி! அந்தப் பக்திக்குத்தான் என்னைத் தலைவி ஆக்கினாங்க."

கிசிவா எழுந்து உட்கார்ந்தாள். கோபத்தில் அவள் முகத்துக்குக் கொஞ்சம் நிறம் வந்தது. "அப்ப நீங்க நின்னா பக்தி. நான் வராம இருந்தா பாவம். எல்லாம் தெரிஞ்சுமா என்னைப் பிணத்துக்குப் பாடறவன்னீங்க?"

"தெரியலடி. சத்தியமாத் தெரியல. நான் எதை மறைச்சேனோ அதையே நீயும் மறைச்சே. பின்னே எங்கேருந்து தெரியும்?" அந்த அம்மாள் கறை பட்ட துணியை உதறிக்கொண்டு எழுந்தார். "இது வீட்டு வாகும் இல்லை, தாராளமும் இல்லை. நோய். உங்கம்மாவுக்கும் நோய்தான், யாரும் சொல்லலை. உன் டிரைவரைக் கூப்பிடு. கோஃபோரிடுவா பெரியாஸ்பத்திரிக்குப் போறோம்."

டிரைவர் என்றது கிசிவாவின் புருஷன் ஓபுவோபியை. அவன் டிரோட்ரோ என்கிற பயணிகள் வேன் ஓட்டினான். பின்கண்ணாடியில் 'அவசரம் ஏன்' என்று எழுதி வைத்துக்கொண்டு ஊரிலேயே வேகமாக ஓட்டுகிறவன். அன்றைக்கு மட்டும் எழுதியிருந்தபடி ஓட்டினான். ஒவ்வொரு பள்ளத்திலும் பின்னால் திரும்பிப் பார்த்தான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் செலாசி, வோல்ட்டா பக்கத்துப் பெண், கிசிவாவின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு, "நீங்க நடந்தா வந்தீங்க?" என்று கேட்டார். ரத்தம் பார்த்தார்கள், வயிற்றை ஸ்கேன் எடுத்தார்கள். திரையில் கருப்பை கிழங்கு மூட்டை மாதிரி முண்டு முண்டாகத் தெரிந்தது.

"நார்க்கட்டிங்க. கருப்பைத் தசையில வளர்றது. புற்றுநோய் இல்லை, பயப்படாதீங்க. நம்ம பெண்கள் நிறையப் பேருக்கு உண்டு. பாதிப் பேருக்குத் தொந்தரவே தராது. உங்களுக்கு இது உள்பக்கமாப் பிதுங்கிக்கிட்டு இருக்கு, அதான் இவ்வளவு போகுது. நீங்க களிமண் தின்னதும் ரத்தம் குறைஞ்சதாலதான். உடம்பு இரும்புச் சத்துக்கு ஏங்கினா அப்படிக் கேக்கும்."

"அப்ப அதிகமாப் போறவங்களுக்கெல்லாம் இந்தக் கட்டிதானா டாக்டரம்மா?" என்று நான் கேட்டேன். எனக்கு எப்போதும் கூட ஒரு கேள்வி வேண்டும்.

"அப்படிச் சொல்லிட முடியாதுங்க. சிலருக்கு உள்சவ்வுல சின்னச் சதை வளரும். சிலருக்கு அந்தச் சவ்வே கருப்பைச் சுவருக்குள்ள புகுந்துக்கும், இல்லே கருப்பைக்கு வெளியே போய் ஒட்டிக்கும். மாசாமாசம் வலியில சுருண்டு படுப்பாங்க. சினைப்பை சரியா வேலை செய்யலேன்னா மாசக்கணக்குல வராமலே இருந்து திடீர்னு கொட்டும். கழுத்துல இருக்கிற தைராய்டுகூடக் காரணமா இருக்கலாம். வெளியே பார்த்தா எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். உள்ளே பார்த்தாத்தான் எதுன்னு தெரியும். அதனாலதான் வரச்சொல்றோம்."

மாத்திரை இருக்கிறது, கருப்பைக்குள் வைக்கிற சின்னச் சாதனம் இருக்கிறது, ஆனால் கிசிவாவின் கட்டிகள் அதற்கெல்லாம் பெரிசு என்றார். கட்டிகளை மட்டும் எடுக்கலாம், கருப்பை தங்கும், பிறகு மறுபடி வளரவும் கூடும். கருப்பையையே எடுத்துவிட்டால் திரும்ப வராது, பிள்ளையும் உண்டாகாது. "எதுன்னு நீங்கதான் சொல்லணும்" என்றார் டாக்டர்.

ஓபுவோபி தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தான். கிசிவா அவனைப் பார்த்தாள்.

"என்னை ஏன் பார்க்கறே? வண்டி என்னுது, அதைப் பத்திக் கேட்டா சொல்லுவேன். உடம்பு உன்னுது" என்றான் அவன்.

கிசிவா டாக்டர் பக்கம் திரும்பினாள். "எடுத்தா என் குரல் போயிடுமா?"

"குரலா?"

"நான் அடிவயித்துலேருந்து பாடறவ. அங்க இருக்கிறதை எடுத்துட்டா சத்தம் எங்கேருந்து வரும்?"

டாக்டர் சிரிக்கவில்லை. அதனாலேயே எனக்கு அவரைப் பிடித்துப்போனது. "குரல் மூச்சுலேருந்து வருது. கர்ப்பப்பையிலேருந்து இல்லை. தையல் ஆறுற வரைக்கும் பொறுமையா இருங்க, பாரம் தூக்காதீங்க. ஈஸ்டருக்கு நீங்க பாடலாம். இப்பவாவது முழு மூச்சு கிடைக்கும்."

"அப்ப எடுத்துடுங்க. ரெண்டு பிள்ளைங்க இருக்காங்க, எனக்குப் போதும்."

ஆனால் ஒன்று இருந்தது. அவள் உடம்பில் ரத்தம் பாதிதான். ஆபரேஷனுக்கு முன்னால் ஏற்ற வேண்டும். எடுத்துக்கொள்கிற ரத்தத்துக்கு ஈடாகச் சொந்தக்காரர்கள் வந்து கொடுக்க வேண்டும். ஓபுவோபி ஒருவன் போதாது. சபையில்தான் கேட்க வேண்டும். அறிவிப்பு நேரத்தில், எல்லோர் முன்னாலும், ஆண்கள் பிள்ளைகள் உட்பட.

அந்த ஞாயிறு திருவிருந்து ஞாயிறு. அசாபெயா விதித்த கெடு அதுதான். கிசிவா வந்தாள். வெள்ளைக்கு நடுவே தலையிலிருந்து கால்வரை கறுப்பில். பால் சட்டியில் காக்கை இறங்கியது போல எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அறிவிப்பு நேரத்தில் அவள் முன்னால் நடக்க, பக்கத்தில் அசாபெயாவும் எழுந்து நடந்தார்.

போதகர் குனிந்து மெல்லச் சொன்னார்: "ஆபரேஷன்னு மட்டும் சொல்லும்மா. போதும். மத்ததெல்லாம் எதுக்கு?"

கிசிவா மைக்கைக் கையில் எடுத்தாள். குரல் நடுங்கவில்லை.

"எனக்கு ரத்தம் வேணும். ஏன்னு சொல்லாம ரத்தம் கேக்கக் கூடாது. மாசாமாசம் பொம்பளைங்களுக்கு வர்றது எனக்கு ஆறு மாதிரி வருது. கர்ப்பப்பையில கட்டி. அதனாலதான் நான் வெள்ளை கட்டலை, இங்க வரலை. குமாசியில எனக்கு யாரும் இல்லை. ஆத்துக்கு நான் எதுவும் நேர்ந்துக்கலை. என் வயித்துல இருக்கிறது பிள்ளையும் இல்லை. இவ்வளவு நாள் வெட்கப்பட்டேன். நோய்க்கு எதுக்கு வெட்கம்னு இப்பத்தான் புரியுது. வர்றவங்களுக்கு ஓபுவோபி வண்டி நாளைக்குக் காலையில இலவசம்."

எங்கோ ஒரு குழந்தை மட்டும் இருமியது. அசாபெயா மைக்கை வாங்கினார். "எனக்கும் இதேதான் இருந்துச்சு. குடலிறக்கம்னு உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன். முட்டையெல்லாம் வாங்கித் தின்னுட்டேன். இப்ப ரத்தம் கொடுத்தாத்தான் அந்தக் கடன் தீரும்னு பார்த்தா, என் வயசுக்கு எடுக்கமாட்டாங்களாம். நீங்க கொடுங்க."

யாரோ ஒருத்தி சிரித்துவிட்டாள். அவ்வளவுதான், கோயிலே சிரித்தது. பெண்கள் பெஞ்சுகளில் அந்தச் சிரிப்பு மற்றவர்களை விடக் கொஞ்சம் அதிக நேரம் நின்றது. சிலர் கண்ணையும் துடைத்துக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை காலை நான் கெங்கே கூடையோடு போனபோது டிரோட்ரோவில் இடம் இல்லை. தடித்த குரல் ஆண்கள் முழு வரிசையும் ஏறி உட்கார்ந்திருந்தது. லார்பி வாத்தியார் முன்சீட்டில். மலை மாதிரி உடம்புக்காரன் ஒருவன் ஊசியைப் பார்த்தே மயங்கி விழுந்தான். "இவனா எனக்கு ரத்தம் கொடுக்க வந்தவன்?" என்று, ரத்தம் ஏற்றிக்கொள்ளப் படுத்திருந்த கிசிவா படுக்கையிலிருந்தபடியே சிரித்தாள். எங்கள் பெண்களும் வரிசையில் நின்றார்கள். விரலில் குத்திப் பார்த்துவிட்டு அவர்களில் பல பேரை, "உங்களுக்கே பத்தலையேம்மா" என்று திருப்பி அனுப்பினார்கள். டாக்டர் செலாசி அவர்களை வெளியே விடாமல் ஒவ்வொருத்தியையும் தனியே அழைத்து உட்கார வைத்து, "மாசம் உங்களுக்கு எப்படிப் போகுது?" என்று கேட்டார். உள்ளே போனவர்கள் சீக்கிரம் வெளியே வரவில்லை. சொல்ல அத்தனை இருந்திருக்கிறது.

கிறிஸ்துமஸ் கழிந்து ஆபரேஷன் நடந்தது. நல்லபடியாக முடிந்தது. கிசிவா வீட்டுக்கு வந்ததும் அசாபெயா தினமும் போய்க் காவல் இருந்தார். ஒரு வாளித் தண்ணீர்கூடத் தூக்கவிடவில்லை. "என்ன மாமே, ஜெயிலா இது?" என்பாள் கிசிவா. "ஜெயில்தான். ஈஸ்டருக்கு விடுதலை" என்பார் அவர். மெதுவாக உதடு சிவந்தது. களிமண் ஆசை தானாகவே விட்டுப்போனது. மேட்டில் ஏறும்போது இப்போது நான்தான் மூச்சு வாங்கினேன். தையல் ஆறிய பிறகு ஒருநாள் சாயந்திரம் மெல்ல ஒரு வரி பாடிப் பார்த்தாள். நான் அடுப்பை விட்டுவிட்டு நின்று கேட்டேன். முன்பு பாதியில் மூச்சு எடுப்பாளே, அந்த இடத்தை எடுக்காமலே தாண்டிப் போனாள்.

"நாலு ஆம்பளை ரத்தம் உள்ள ஓடுதுக்கா. குரல் தடிச்சுப்போச்சா பாருங்க" என்றாள்.

ஈஸ்டர் அன்று அவள் தனக்கென்று தைத்துக்கொண்ட வெள்ளைக் கபாவில் வந்தாள். சட்டைக் கையில் துளி அளவு மஞ்சள் நூல் பூவேலை, மற்றபடி சுத்த வெள்ளை. வாசலிலேயே எங்கள் பெண்கள் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். வழக்கில் ஜெயித்து வருகிறவர்களுக்கும் பிள்ளை பெற்று எழுந்தவர்களுக்கும் செய்வது போல, டப்பா டப்பாவாகப் பவுடரைக் கழுத்திலும் தோளிலும் முதுகிலும் கொட்டினார்கள். "போதும்டி, பணியாரம் மாதிரி ஆயிட்டேன்!" என்று அவள் கத்தினாள். யார் கேட்டார்கள்?

பாட்டு வந்தது. வாத்தியங்கள் நின்றன, நாங்கள் நிறுத்தினோம். அவள் ஒருத்தி மட்டும். அந்தப் பாட்டைப் பற்றி நான் என்ன சொல்ல? அக்ராவிலிருந்து வந்த பெரிய மனிதர்கள் விசிறுவதை மறந்தார்கள். மேல் சுரத்தில் அவள் நின்றபோது அது இறங்கவே வேண்டாம் என்றிருந்தது. இரண்டாம் வரிசையில் நின்ற என் நெஞ்சு, நானே பாடியது போல நிமிர்ந்தது. பக்கத்தில் பார்த்தால் எல்லோருக்கும் அப்படித்தான். அவளுக்குள் எங்கள் ஆட்களின் ரத்தம் ஓடுகிறதே, பெருமைப்பட எங்களுக்கும் பாத்தியதை உண்டுதானே?

பாடி முடித்ததும் முன் பெஞ்சில் உட்கார்ந்தாள். சாய்ந்து, கால் நீட்டி, பிரசங்கம் முழுக்க உட்கார்ந்தே இருந்தாள். அசாபெயாவும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

திருவிருந்துக்கு அழைத்தார்கள். கிசிவா எழுந்தாள். எழுந்தவுடன் தலை திருப்பி, தான் உட்கார்ந்த இடத்தைப் பார்க்கிற ஒரு பார்வை உண்டு. கண்ணுகளா, பெண்ணாய்ப் பிறந்த உங்களுக்கு அதை நான் விளக்க வேண்டியதில்லை. கிசிவா திரும்பவில்லை. நிமிர்ந்த கழுத்தோடு நேரே முன்னால் நடந்து போனாள்.

நாங்கள்தான் பார்த்தோம், நானும் அசாபெயாவும், ஒரே நேரத்தில். பழக்கம் எங்கே போகும்? பெஞ்சில் கொஞ்சம் வெள்ளைப் பவுடர் சிந்தியிருந்தது. வேறொன்றும் இல்லை.